பாயான் லெப்பாஸ் டெஸ்ட் இன்ஜினியர் செயற்கைக்கோள் வேலைக்குப் போனால் எது கைகொடுக்கும், எதை மாற்றிக்கொள்ள வேண்டும்?

கேட்டவர் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், நிபோங் திபாலில் விண்வெளிப் பொறியியல் முடித்து, இரண்டு வருடமாகப் பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் டெஸ்ட் இன்ஜினியராக இருக்கும் தம்பி. அவருடைய ஜூனியர்கள் 1யூ கியூப்சாட் (10 சென்டிமீட்டர் கனசதுரச் செயற்கைக்கோள்) ஒன்று கட்டுகிறார்கள், உதவிக்குக் கூப்பிடுகிறார்கள். ஃபேக்டரியில் கற்றது அங்கே செல்லுமா, விண்கல வேலையிலும் பயிற்சியிலும் உண்மையில் என்ன நடக்கும், இதை வைத்து வெளிநாட்டில் வேலை தேட முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

செல்லும் தம்பி, பாதிக்கு மேலேயே செல்லும். நிலைமின்சாரம் தடுக்கும் இஎஸ்டி கைப்பட்டை, கிளீன்ரூம் சட்டை, போர்டு வேலைத்தரம் பார்க்கும் ஐபிசி-ஏ-610, கேலிபிரேஷன் ஸ்டிக்கர் ஒட்டிய கருவி, போர்டோடு கூடவே போகும் கையெழுத்துப் போட்ட டிராவலர் தாள் என்று நீங்கள் தினமும் அலுத்துக்கொள்ளும் எல்லாமே அங்கே சோறு போடும். மாற்றிக்கொள்ள வேண்டியது எண்ணிக்கை பற்றிய புத்தியை. லைனில் நீங்கள் பார்ப்பது லாட், அதாவது மொத்தத் தொகுதி. பத்தாயிரம் போர்டில் ஐந்து விழுந்தால் அந்த ஐந்தைப் பிரித்துப் பார்க்க அனுப்பிவிட்டு மீதியை ஏற்றிவிடலாம். செயற்கைக்கோளில் லாட்டும் அதுதான், சாம்பிளும் அதுதான், கடைசியில் மேலே போவதும் அதுதான். அதைச் சோதிக்காமல் அனுப்ப முடியாது. சோதிக்கும் ஒவ்வொரு முறையும் அதன் ஆயுளில் கொஞ்சம் செலவாகிறது. விண்கலச் சோதனை வேலையின் சிக்கல் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

அதனால்தான் பொதுவாக இரண்டு கட்டுவார்கள். முதலாவது இன்ஜினியரிங் மாடல். அதை நிஜப் பயணத்தைவிடக் கடுமையாக உலுக்கி, சுட்டு, குளிரவைத்து வடிவமைப்பு தாங்குமா என்று பார்ப்பார்கள். இரண்டாவது ஃப்ளைட் மாடல். அதில் பார்ப்பது கைவேலை சரியா என்பதை மட்டும். அளவும் நேரமும் குறைவு. பணம் இல்லாத குழுக்கள் ஒன்றையே கட்டி, கடுமையான அளவில் குறைந்த நேரம் சோதிப்பார்கள். அதற்குப் புரோட்டோஃப்ளைட் என்று பெயர். உங்கள் ஜூனியர்கள் எந்த வழியில் போகிறார்கள் என்பதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ‘ரெண்டும் கலந்த மாதிரி’ என்று பதில் வந்தால் யாரும் இன்னும் உட்கார்ந்து யோசிக்கவில்லை என்று பொருள்.

கைவேலையில் உங்களுக்கு முதலில் இடிக்கப்போவது சால்டர். ஐரோப்பாவின் ரோஹெஸ் விதி 2006 ஜூலையில் நடப்புக்கு வந்ததிலிருந்து ஏற்றுமதி லைன்கள் ஈயத்தைக் கைவிட்டன. உங்கள் தொழிற்சாலையில் ஓடுவது அநேகமாக ஈயமில்லாத சாக்305 சால்டர், உருகுநிலை 217 டிகிரி. விண்கலத்தில் இன்னமும் ஈயம் கலந்த 63/37தான், 183 டிகிரியில் உருகுவது. தூய வெள்ளீயப் பூச்சிலிருந்து காலப்போக்கில் மயிரிழை போன்ற படிகங்கள் தானாக வளர்ந்து பக்கத்துக் காலைத் தொட்டுவிடும் என்பதுதான் காரணம். 1998 மே மாதம் கேலக்சி 4 என்ற தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள் செயலிழந்து அமெரிக்கா முழுக்கப் பேஜர்கள் ஊமையானபோது, பழி இந்த வெள்ளீய மீசை மேல்தான் விழுந்தது. குறைந்தது 3 சதவீதம் ஈயம் கலந்தால் இந்த வளர்ச்சி பெரும்பாலும் அடங்கிவிடும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. உங்கள் கம்பெனியில் ஈயம் இருக்கக்கூடாது என்று பிடிக்க வைத்திருக்கும் அதே எக்ஸ்ஆர்எஃப் கருவியை, இங்கே ஈயம் இருக்கவேண்டும் என்று உறுதிசெய்யப் பயன்படுத்துவார்கள். கனெக்டர் முனை, திருகு, ஷீல்டு டப்பா எல்லாவற்றையும் அதில் காட்டுங்கள். கேட்மியம், துத்தநாகப் பூச்சு உள்ள திருகும் ஆகாது. வெற்றிடத்தில் அந்த உலோகங்கள் மெல்ல ஆவியாகி வேறெங்கோ படியும்.

ஐபிசி சான்றிதழ் கையில் இருந்தால், ஜே-எஸ்டிடி-001 என்ற சால்டர் தரநிலையின் விண்வெளிக்கான இணைப்பையும் சேர்த்து எடுங்கள். உயர்நம்பகப் பொருள்களுக்கான கிளாஸ் 3ஐவிட அது இன்னும் இறுக்கம். சான்றிதழ் இரண்டு வருடம்தான் செல்லும் என்பதால் வேலை தேடப்போகும் நேரத்தைக் கணக்குப் பார்த்து எடுப்பது உத்தமம்.

அடுத்தது ஈரப்பதம். பினாங்கில் வெளியே 80 சதவீதத்துக்கு மேல் சர்வசாதாரணம். சிறிய செயற்கைக்கோளுக்கு ஐஎஸ்ஓ 8 கிளீன்ரூம் போதும். அதாவது ஒரு கனமீட்டர் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலுமான துகள் 35 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் இருக்கவேண்டும். தூசியைவிடப் பல்கலைக்கழக அறைகளில் கோட்டை விடுவது ஈரப்பதத்தில். ராத்திரி ஏர்கானை அணைத்துவிட்டுப் போவார்கள். காலையில் போர்டின் மேல் படிந்த ஈரம் ஃப்ளக்ஸ் மிச்சத்தோடு சேர்ந்து அரிக்க ஆரம்பித்திருக்கும். 40 முதல் 60 சதவீதத்துக்குள் நிறுத்துங்கள். அதற்குக் கீழே போனால் நிலைமின்சாரம் தலைதூக்கும். பை பிரித்த ஐசிகளை ரீஃப்ளோவுக்கு முன் சூடாக்கி உலர்த்தும் வழக்கம் உங்களுக்குத் தெரியும், ஜூனியர்களுக்குத் தெரிந்திருக்காது.

நிலைமின்சாரம் பற்றி ஒரே வார்த்தை. மனிதன் விரலில் சுரீர் என்று உணர்வதற்கு ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். சில சிப்கள் 100 வோல்ட்டுக்குள்ளேயே அடிபடும். அடிபட்ட சிப் அன்றைக்கு வேலை செய்யும். மூன்று மாதம் கழித்து, எட்டாத உயரத்தில் போனபிறகு சாகும். லைனில் அப்படி ஒன்று திரும்பி வந்தால் மாற்றிக் கொடுத்துவிடலாம்.

திருகு விஷயத்தில் யாரும் போதுமான மரியாதை கொடுப்பதில்லை. அலுமினியச் சட்டத்தில் நேரடியாக ஸ்டீல் திருகை ஏற்றி இறக்கினால் நாலைந்து முறையில் மரை தேயும், ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் இன்சர்ட்டைப் போடுங்கள். டார்க் (முறுக்கு விசை) மதிப்பை இணையத்தில் தேடி எடுக்காதீர்கள். திருகின் தரம், மரையின் நீளம், உயவு மூன்றையும் வைத்துக் கணக்கிட்டு, அதோடு அந்தத் திருகு சுமையில்லாமல் சுழலவே பிடிக்கும் டார்க்கைத் தனியாக அளந்து கூட்டவேண்டும். பூட்டும் வகை இன்சர்ட்டில் அந்தக் கூடுதலை விட்டால் திருகு இறுகியதுபோலத் தோன்றும், உள்ளே இறுக்கம் இருக்காது. இறுக்கியதும் தலையையும் சட்டத்தையும் சேர்த்து ஒரு கோடு போடுங்கள். உலுக்கல் முடிந்ததும் கோடு உடைந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும், மறுபடி ஸ்க்ரூடிரைவரைத் தொடவேண்டாம். ஒருவர் இறுக்க, இன்னொருவர் மதிப்பைப் படித்து எழுத வேண்டும். இறுக்கியவரே எழுதினால் எல்லாத் திருகுக்கும் ஒரே எண்தான் தாளில் வரும்.

கனெக்டருக்கும் ஆயுள் கணக்கு உண்டு. ஃப்ளைட் கனெக்டர் ஒவ்வொன்றுக்கும் எத்தனை முறை செருகி எடுத்தோம் என்று ஏடு வைத்திருப்பார்கள். தினசரி சோதனைக்கு நடுவில் ஒரு தியாகி கனெக்டரை மாட்டிவிடுவது வழக்கம். தேய்வது அதுவாக இருக்கட்டும்.

இனி அதிர்வுச் சோதனை. இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். நாசாவின் கோடார்டு மையம் வைத்திருக்கும் பொதுச் சோதனைத் தரநிலையில் ரேண்டம் (ஒழுங்கில்லாத) அதிர்வு 20 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரை. வடிவமைப்புத் தகுதிக்கு மொத்தம் 14.1 ஜி ஆர்எம்எஸ் (புவியீர்ப்பின் மடங்கில் சராசரி வலிமை), ஒவ்வொரு அச்சிலும் 2 நிமிடம். ஃப்ளைட் மாடலை ஏற்பதற்கு 10 ஜி, 1 நிமிடம். ராக்கெட்காரர் தனி அளவு கொடுத்தால் அதுதான் சட்டம். கொடுக்காதபோது இதை வைத்து ஆரம்பிப்பார்கள். தகுதி அளவில் 50 முதல் 800 ஹெர்ட்ஸ் வரை அடர்த்தி, ஹெர்ட்ஸுக்கு 0.16 ஜி வர்க்கம். இப்போது ஒரு போர்டை எடுங்கள். எடை 100 கிராம், இயல்பு அதிர்வெண் 200 ஹெர்ட்ஸ், பெருக்கம் 10 என்று வைப்போம். கணக்கில் வரும் பை (3.14), அதில் பாதி. அதை 200, 10, 0.16 மூன்றாலும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 22 ஜி சொச்சம். உச்சத்துக்கு மூன்று மடங்கு எடுப்பது வழக்கம்: 67 ஜி. அந்த 100 கிராம் போர்டு தன் நான்கு ஸ்டாண்டாஃப் தூண்களிலும் மொத்தமாக ஆறே முக்கால் கிலோ எடைபோல இழுக்கிறது, நொடிக்கு 200 தடவை. இரண்டு நிமிடத்தில் 24,000 ஆட்டம். எல்லா ஆட்டமும் உச்சத்தைத் தொடாது என்றாலும், உயரமான இண்டக்டரின் கால் ஏன் ஒடிகிறது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும். உயரமான பாகங்களின் அடியில் எபாக்சி வைத்துப் பிடிப்பது இதற்காகத்தான். போர்டு அதிகம் வளையும் இடத்தில் பெரிய செராமிக் கபாசிட்டரை வைக்காதீர்கள். விரிசல் வெளியே தெரியாது, ஷார்ட் ஆனபிறகுதான் தெரியும். திரவம் நிரப்பிய அலுமினிய எலக்ட்ரோலிட்டிக் வகையைத் தொடவே வேண்டாம்.

சோதனை வரிசையும் முக்கியம். ரேண்டமுக்கு முன் கால் அல்லது அரை ஜி அளவில் மெல்லிய சைன் ஸ்வீப் (அதிர்வெண்ணைப் படிப்படியாக மாற்றும் சீரான அதிர்வு) ஓட்டி, எந்தெந்த அதிர்வெண்ணில் மேடு எழுகிறது என்று பதிவுசெய்வார்கள். ரேண்டம் முடிந்ததும் அதே ஸ்வீப்பை மறுபடி ஓட்டுவார்கள். இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரவேண்டும். முதல் மேடு 5 சதவீதத்துக்கு மேல் கீழே நகர்ந்திருந்தால் உள்ளே ஏதோ தளர்ந்திருக்கிறது அல்லது விரிந்திருக்கிறது. கண்ணுக்கு எல்லாம் நன்றாகத் தெரிந்தாலும் திறந்து பார்த்தாக வேண்டும். ‘ஆன் செய்து பார்த்தோம், வேலை செய்தது’ என்பது இங்கே செல்லாது. அடிக்கடி ஏமாற்றுவது அளக்கும் பக்கம்தான். அக்செலரோமீட்டர் ஒயரை ஒட்டாமல் விட்டால் அது அடித்துக்கொண்டு பொய் மேடு காட்டும். செயற்கைக்கோளைப் பிடித்திருக்கும் ஃபிக்ஸ்சர் மெலிந்திருந்தால் அதன் சொந்த அதிர்வு செயற்கைக்கோளின் தலையில் எழுதப்படும். அதனால் காலி ஃபிக்ஸ்சரை மட்டும் முதலில் ஓட்டுங்கள்.

உங்கள் கம்பெனி ரிலையபிலிட்டி லேபில் ஷேக்கர் (உலுக்கும் மெஷின்) இருக்கிறதே என்று தோன்றும். கேட்பதற்கு முன் கணக்குப் போடுங்கள். ஷேக்கரின் ஆடும் பகுதியான ஆர்மேச்சர், ஃபிக்ஸ்சர், செயற்கைக்கோளை வைக்கும் டெஸ்ட் பாட் பெட்டி, செயற்கைக்கோள் எல்லாம் சேர்ந்து 25 கிலோ என்றால் 14.1 ஜிக்கு ஏறத்தாழ 3.5 கிலோநியூட்டன் ஆர்எம்எஸ் விசை வேண்டும். அட்டைப்பெட்டி உலுக்க வாங்கிய மெஷின் இதைத் தாங்குமா என்பது அதன் பெயர்ப்பலகையிலேயே இருக்கும்.

வெற்றிடம் வேறு கதை. ஏர்கான் அறையில் மேசைமேல் கிடக்கும் போர்டில் 1 வாட் சூடு எழுந்தால் காற்றே பெரும்பகுதியைக் கொண்டுபோய்விடும். சில டிகிரிதான் ஏறும். வெற்றிடத்தில் மேலும் கீழும் உள்ள போர்டுகளும் அதே சூட்டில் இருப்பதால் கதிர்வீச்சும் அதிகம் உதவாது. மிஞ்சுவது செம்பு வழியாக ஸ்டாண்டாஃபுக்குப் போகும் பாதை ஒன்றுதான். 35 மைக்ரான் செம்பு அடுக்கில் நீளமும் அகலமும் சமமான ஒரு துண்டு வழியாக 1 வாட் போனால் இரு முனைக்கும் நடுவே 70 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வரும். எனவே உள்ளடுக்கில் முழுச் செம்புத் தளம் இரண்டாவது வேண்டும், அது துளைகள் வழியாகத் திருகு இடம் வரை தொடரவேண்டும். அழகுக்காகத் திருகைச் சுற்றிச் செம்பை வெட்டிவிட்ட லேஅவுட்டுகளை அடிக்கடி பார்க்கலாம். அங்கேதான் ரேடியோ ஆம்ப்ளிஃபையர் வேகும்.

பொருள் தேர்வில் இரண்டு எண்கள்: 125 டிகிரியில் 24 மணிநேரம் வெற்றிடத்தில் வைத்தால் மொத்த எடை இழப்பு 1 சதவீதத்துக்குள், மறுபடி படியும் ஆவி 0.1 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். கடைப் பசை, பிவிசி ஒயர், சாதாரண வெல்க்ரோ எல்லாம் இதில் தேறாது. ஆவி கேமரா லென்ஸில் போய் உட்காரும். சேம்பரில் காற்றை இழுக்கும்போது இடைநிலை அழுத்தத்தில் ரேடியோவையும் உயர் மின்னழுத்தத்தையும் ஆன் செய்யாதீர்கள். அந்த நிலையில் வாயு எளிதில் பொறி விடும். முழு வெற்றிடம் வந்தபிறகு ஆன் செய்யலாம்.

ஆன்டெனா விரிப்பதை மட்டும் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் சின்னச் செயற்கைக்கோள்கள் ஊமையாவதற்கு இது பழைய காரணம். 437 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை 17 சென்டிமீட்டர். அதாவது 10 சென்டிமீட்டர் டப்பாவைவிட நீளம், மடக்கித்தான் வைக்கமுடியும். மடக்கிய டேப்பை நைலான் இழையால் கட்டி, மின்தடையையோ நைக்ரோம் கம்பியையோ சூடாக்கி இழையை உருக்குவார்கள். மேசையில் இரண்டு விநாடியில் அறுகிறது, கைதட்டுகிறார்கள். வெற்றிடத்தில் காற்று குளிர்விக்காததால் கம்பி இன்னும் சூடாகி, இழைக்கு முன்னால் தானே அறுந்துபோகலாம். எதிர்ப்பக்கமும் உண்டு: மைனஸ் 20 டிகிரியில் பேட்டரியின் உள்தடை ஏறி மின்னோட்டம் போதாமல் இழை மென்மையாகி நிற்கும், அறாது. மூன்றாவது, மாதக்கணக்கில் இழுபட்ட நைலான் தளர்ந்துபோய், அதிர்வில் மின்தடையின் மேலிருந்து ஓரமாக நகர்ந்துவிடும். அப்புறம் சூடு ஒரு பக்கம், இழை ஒரு பக்கம். ஆகவே சோதனை குளிரில், வெற்றிடத்தில், பேட்டரி குறைவாக இருக்கும்போது, உலுக்கலுக்குப் பிறகு, பல வாரம் கட்டிவைத்த இழையோடு நடக்கவேண்டும். இழை நகராமல் ஒரு பள்ளம் வெட்டி வையுங்கள். சூடாக்கும் சர்க்கியூட் இரண்டு, தனித்தனி சுவிட்சோடு இருக்கட்டும்.

இதற்கு மென்பொருள் பக்கமும் ஒரு பொறி இருக்கிறது. செயற்கைக்கோள் எழுகிறது, ஆன்டெனாவை விரிக்கச் சூடாக்குகிறது, பேட்டரி இறங்கி ரீசெட் ஆகிறது, மறுபடி எழுந்து மறுபடி சூடாக்குகிறது. பேட்டரி தீரும்வரை இதே ஆட்டம். முயற்சிக்கு முன் மின்னழுத்தம் பார்க்கும் வரியும், எத்தனை முறை முயன்றோம் என்று அழியாத நினைவகத்தில் எழுதும் வரியும் இருந்தால் தப்பலாம்.

மின்சாரக் கணக்கு உங்கள் ஜூனியர்களிடம் இருக்கும். நம்பிக்கை அதிகமாக இருக்கும். சரிபார்க்க ஒரு குறுக்குவழி சொல்கிறேன். ஐந்து முகத்தில் முகத்துக்கு 60 சதுர சென்டிமீட்டர் செல் இருந்தால் மொத்தம் 300. தறிகெட்டு உருளும் கனசதுரத்துக்கு வெயில் படும் சராசரிப் பரப்பு அதில் கால் பங்கு, 75. வெயில் சதுர மீட்டருக்கு 1,361 வாட், செல்லின் திறன் 29 சதவீதம் என்றால் ஏறத்தாழ 3 வாட். 400 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சுற்று 92 நிமிடம் சொச்சம், அதில் 36 நிமிடம்வரை இருட்டு. சராசரி 1.8 வாட்டுக்கு இறங்கும். சூடான செல், மாற்றி இழப்பு எல்லாம் கழித்தால் ஒன்றரை வாட்டுக்கும் கீழே. 3 வாட் இழுக்கும் டிரான்ஸ்மிட்டரை எப்போதும் ஆனில் வைக்க முடியாது என்பது இப்போது தெரியும்.

பேட்டரிக்கு 18650 லித்தியம் செல் வாங்கும்போது ஒரே லாட்டில் தேவைக்கு மூன்று மடங்கு வாங்கிச் சலித்தெடுங்கள். சலிப்பது உங்கள் தொழில்தானே. வெற்றிடத்தில் வைத்து முன்னும் பின்னும் எடை, மின்னழுத்தம், கொள்ளளவு மூன்றையும் ஒப்பிடுங்கள். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே உலோக லித்தியம் படிந்து செல் கெடும். ஒரு நாளில் 15 சுற்றுக்கு மேல், வருடத்துக்கு ஐயாயிரத்தைத் தாண்டும் சார்ஜ் சுழற்சி. அதனால் ஒவ்வொரு இருட்டிலும் கொள்ளளவில் சிறு பங்கை மட்டும் தொடும்படி வைத்தால்தான் தாக்குப்பிடிக்கும்.

மேலிருந்து எவ்வளவு டேட்டா வரும்? தலைக்கு மேல் போகும் நல்ல பாஸ் (ஒருமுறை வானைக் கடப்பது) 10 நிமிடம், உருப்படியானது 6 என்று வையுங்கள். 9,600 பிபிஎஸ் வேகத்தில் 430 கிலோபைட். தலைப்புகளும் திரும்ப அனுப்பலும் போனால் அதில் பாதி. அதாவது ஒரு சுமாரான படம். வேகத்தால் அலைவரிசை நகரும் டாப்ளர் விலகல் 437 மெகாஹெர்ட்ஸில் இரு பக்கமும் 10 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடப்படும் செயற்கைக்கோள்கள் 51.6 டிகிரி சாய்வில் சுற்றுவதால் பினாங்குக்குத் தினமும் சில பாஸ்தான். 2009 ஜூலையில் ஃபால்கன் 1 ஏற்றிய நம் ராசாக்சாட் 9 டிகிரிச் சாய்வில் வைக்கப்பட்டது இதனால்தான். கிட்டத்தட்ட ஒவ்வொரு சுற்றிலும் நம் தலைமேல் வரும்.

‘பயிற்சி’ என்றதும் விண்வெளி வீரரைச் சுழற்றும் சென்ட்ரிஃபியூஜ் ஞாபகம் வருவது இயல்பு. மலேசியரை விண்வெளிக்கு அனுப்பிய அங்காசாவான் திட்டத்துக்கு 11,000க்கு மேல் விண்ணப்பம் வந்தது. கடைசி நால்வரில் ஒருவர் கோலாலம்பூர்ப் பொறியாளர் எஸ். வனஜா. தேர்வான ஷேக் முஸாபர் 2007 அக்டோபர் 10 அன்று சோயுஸ் டிஎம்ஏ-11இல் போனார். 21ஆம் தேதி டிஎம்ஏ-10இல் திரும்பியபோது விண்கலம் செங்குத்தான பாதைக்கு மாறிவிட்டது. வழக்கமான இறக்கத்தில் 4 ஜி அளவில் இருக்கும் அழுத்தம் அப்படிப்பட்ட இறக்கத்தில் 8ஐத் தொடும். மாஸ்கோ அருகே நட்சத்திர நகரத்தில் 8 ஜி வரை சுழற்றி, நெஞ்சை விட்டு வயிற்றால் மூச்சுவிடப் பழக்குவது இதற்குத்தான். பொறியாளரின் பயிற்சி இந்த வகை இல்லை. மேசையில் உட்கார்ந்து, எழுதிய நடைமுறையை வரிவரியாக ஓட்டி, நடுவில் பயிற்றுநர் வேண்டுமென்றே ஒரு சென்சாரைப் பொய்சொல்ல வைக்கும்போது அவசரப்பட்டுக் கட்டளை அனுப்பாமல் இருப்பதுதான் அந்தப் பயிற்சி. ஃபேக்டரியில் லைன் நின்றால் மேனேஜர் கத்துவார், ஏதாவது செய்யத் தோன்றும். இங்கே அந்தக் கை அரிப்பை அடக்க வேண்டும்.

வேலை விஷயத்தில் நேராகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ராக்கெட் கம்பெனிகளில் ஆயுதத் தொழில்நுட்ப ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் ஐடார் சட்டப்படி அந்நாட்டுக் குடியுரிமையோ கிரீன் கார்டோ, அகதி அந்தஸ்தோ இல்லாதவரை எடுப்பது மிகக் கடினம். ‘இஸ்ரோவுல தலைவரே நம்மாளுதான், முயற்சி பண்ணு’ என்று கல்யாண வீட்டில் மாமாக்கள் சொல்வார்கள். தலைவர்களாக வந்த சிவனும் நாராயணனும் தமிழர்கள்தான், ஆனால் இஸ்ரோ இந்தியக் குடிமக்களைத்தான் எடுக்கும். வெளிநாட்டு இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை அரசு வேலைக்கு உதவாது. ஐரோப்பிய விண்வெளி முகமை முதலில் பார்ப்பது உறுப்புநாட்டுக் குடியுரிமையை. திறந்திருக்கும் கதவுகளில் முதலாவது ஜப்பான். ஐநாவும் ஜப்பானும் சேர்ந்து கியூஷு தொழில்நுட்பக் கல்லூரியில் நடத்தும் நானோ செயற்கைக்கோள் மேற்படிப்பு உதவித்தொகை வளரும் நாட்டவருக்கென்றே இருப்பது. அதே கல்லூரியின் பேர்ட்ஸ்-2 திட்டத்தில்தான் பூட்டான், பிலிப்பைன்ஸ் செயற்கைக்கோள்களோடு மலேசியாவின் யூஐடிஎம்சாட்-1 உருவாகி, 2018 ஆகஸ்ட் 10 அன்று விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டது. இரண்டாவது சிங்கப்பூர். பாஸ்போர்ட் பெரிய தடையில்லை, சோதனை அனுபவத்துக்கு மதிப்பு உண்டு. நேர்காணலில் ‘ஆர்வம் உண்டு’ என்பதைவிட, நீங்கள் எழுதிய ஒரு டெஸ்ட் நடைமுறையும் அதில் கண்டுபிடித்த ஒரு கோளாறின் அறிக்கையும் அதிகம் பேசும். உள்நாட்டில் மலேசிய விண்வெளி முகமையான மைசா இருக்கிறது, இடங்கள் குறைவு.

இந்த மாதமே செய்யக்கூடியது: தகவல்தொடர்பு பல்லூடக ஆணையத்தின் அமெச்சூர் ரேடியோ தேர்வு. கிளாஸ் பி தேறினால் 9டபிள்யூ2 என்று தொடங்கும் அழைப்புப் பெயர் கிடைக்கும். கணினியில் செருகும் ஒரு ஆர்டிஎல்-எஸ்டிஆர் ரேடியோ டாங்கிளும் மொட்டைமாடியில் ஒரு டர்ன்ஸ்டைல் ஆன்டெனாவும் இருந்தால் விண்வெளி நிலையத்தின் 145.825 மெகாஹெர்ட்ஸ் பாக்கெட்டுகளைக் கேட்கலாம். ஃபேக்டரி, ஃபிளாட் இரண்டின் மின்னிரைச்சலும் எவ்வளவு என்று அப்போதே தெரிந்துவிடும். தரைநிலையத்தை எங்கே வைப்பது என்ற சண்டை தீரும்.

முதல் கூட்டத்துக்குப் போகும்போது கேட்கவேண்டியவை சில. அலைவரிசை ஒருங்கிணைப்புக்கு சர்வதேச அமெச்சூர் ரேடியோ ஒன்றியமான ஐஏஆர்யூவிடம் விண்ணப்பித்தாகிவிட்டதா? மாதக்கணக்கில் இழுக்கும் வேலை, தாள் இல்லாமல் ஏவுபவர் ஏற்றமாட்டார். மலேசிய விண்வெளி வாரியச் சட்டம் 2022ஐ யாராவது படித்திருக்கிறார்களா? வெளியே விட்ட 30 நிமிடத்துக்கு எதுவும் விரியக்கூடாது, 45 நிமிடத்துக்கு ரேடியோ பேசக்கூடாது என்ற கியூப்சாட் விதியை எண்ணுவது மென்பொருளா, தனி டைமரா? நடுவில் ரீசெட் ஆனால் எண்ணிக்கை என்னவாகும்? வெளியே விட்டதை உணரும் சுவிட்ச் ஒன்று ஒட்டிக்கொண்டால்? எடை இன்று எவ்வளவு, ஒயரும் எபாக்சியும் சேர்த்தா சொல்கிறார்கள்? சட்டத்தின் நான்கு மூலை ரெயில்களையும் கடைசியாக அளந்தது அனோடைஸ் செய்வதற்கு முன்னா பின்னா? பூச்சு ஏறியபிறகு அளவு கொஞ்சம் கூடி, செயற்கைக்கோளை வெளியே தள்ளும் டிஸ்பென்சர் பெட்டிக்குள் நுழையாமல் நின்ற கதை இந்தத் தொழிலில் புதிதில்லை. வெர்னியர் காலிப்பரை நீங்களே கொண்டுபோங்கள்.